சாப்பாட்டு நெல்

எங்கள் ஊர் ஏரி மதகைத் திறக்கலாமா, மூடியே வைக்கலாமா என்று சொல்வதற்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். கூப்பிட்ட அன்று நானும் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை திருப்போரூரில் ஊர்ப் பேருந்துக்காக நின்றபோதே அந்தப் பெருமையெல்லாம் இறங்கிவிட்டது. மூடு என்று கணினியில் விடை வந்திருந்தது. என் அண்ணனோ மதகு திறக்கும் என்ற நம்பிக்கையில் நாற்று விட்டுவிட்டிருந்தார்.

திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பிறந்து, கழனிச் சேற்றில் விழுந்து எழுந்து, படித்துக் கிழித்து, இப்போது ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலைக்கு ஊரில் வைத்திருக்கும் பெயர் கம்ப்யூட்டர் ஜோசியம். அதில் அவ்வளவு தப்புமில்லை. ஒரு வட்டாரத்து நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கணினிக்குள் போடுவோம். இதில் நெல், இதில் சவுக்கு, இதில் தர்பூசணி, இது கரம்பு, இது கல் நட்ட மனை. எந்தப் பயிர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு தண்ணீரைக் கீழே இறக்கிக் கிணற்றுக்குக் கொடுக்கிறது, வைக்கோல் எத்தனை மாட்டுக்கு ஆகும், ஏரியில் மீன் தங்குமா, பூச்சி தின்னக் கொக்கு வருமா என்று, நிலம் சம்பளம் வாங்காமல் நமக்குச் செய்கிற வேலைகளையெல்லாம் எண்ணாக்கி உள்ளே விடுவோம். இன்னொரு பக்கம் வீடுகளைப் போடுவோம். எந்த வீட்டில் எத்தனை மாதம் சொந்த அரிசி, எத்தனை மாதம் வாங்குகிற அரிசி என்று. அப்புறம் ஏதாவது ஒன்றை மாற்றுவோம். நெல்லை எடுத்துவிட்டுச் சவுக்கு வைத்தால் கிணறு என்னாகும், வீட்டில் சோறு என்னாகும் என்று பார்ப்போம். இதைத்தான் மாடல் என்கிறோம்.

இந்த முறை மாற்றிப் பார்த்தது சொர்ணவாரியை. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் சம்பா, நவரை இரண்டும் போக, சித்திரையில் ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் போடுகிற மூன்றாவது போகம் அது. எல்லா வருஷமும் வாய்க்காது. போன ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்ததால் ஏரியில் கால்வாசிக்கு மேல் கிடந்தது. மதகைத் திறந்தால் ஊருக்கு நெல். ஆனால் கத்திரி வெயில் முடிவதற்குள் ஏரி வறண்டுபோகும். ஏரிக்குக் கிழக்கே உப்பங்கழியை ஒட்டி மணல்மேட்டில் ஒரு குப்பம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் நிற்கும்வரை அது மண்ணுக்குள் ஊறிப் போய்க் கடல் தண்ணீரை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். ஏரி வற்றினால் கடல் உள்ளே வந்து குப்பத்துக் கிணறுகள் உப்பாகிவிடும். போன தடவை சொர்ணவாரி வைத்த கோடையில் குப்பத்துப் பெண்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை வந்து குடத்தோடு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் நெல். இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்ததில் கிணற்றுக்குத்தான் ஆபத்து என்று வந்தது, சோற்றுக்கு இல்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் எடுத்த கணக்கெடுப்பில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில். வருஷம் முழுக்க வீட்டு நெல் இருக்கிறது, குறையில்லை. அப்படியென்றால் சொர்ணவாரி போனால் போகட்டும், மதகை மூடு. எங்கள் குழுத் தலைவர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு இருக்கும்மா, இதையே காட்டிடு" என்றார். ஓர் ஊரில் எல்லா வீடும் ஒரே பதில் சொன்னால் அப்போதே எனக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும். பாராட்டு வரும்போது யாருக்குச் சந்தேகம் வருகிறது?

அண்ணன் நிறுத்தத்துக்கே வண்டியோடு வந்திருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கழனிக்கு விட்டார். வழியெல்லாம் கல் நட்ட மனைகள், கொடி கட்டிய பலகைகள், நடுநடுவே சவுக்குத் தோப்பு. எங்கள் கழனி கடைமடையில் இருக்கிறது. வாய்க்காலில் வருகிற தண்ணீர் மற்ற எல்லோரையும் பார்த்துவிட்டு, கடைசியாக எங்களிடம் வரும். கிணற்றில் ஊறுகிற கொஞ்சம் தண்ணீர் நாற்றங்காலுக்குத்தான் காணும், நடவுக்குக் காணாது. அந்தத் தண்ணீரை இறைத்து விட்டுத்தான் நாற்றை வளர்த்திருந்தார்.

"பாரு பாப்பா, இன்னா கருகருன்னு வந்துகீது. வர்ற வாரம் புடுங்கி நட்டுடணும். முத்திப் போச்சின்னா ஒண்ணுத்துக்கும் ஆவாது."

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"கூட்டம் நாளைக்குத்தானேண்ணா. மதகு திறப்பாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

"திறக்காம? ஏரில தண்ணி கீது, கழனி கீது, மனுசன் கீறான். அப்பால இன்னா? நீ நாளைக்கு ரெண்டு வார்த்த நல்லதா சொல்லு, சங்கத் தலைவரு கேட்டுப்பாரு."

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி வளைக்கிற பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. "மூடுன்னு வந்திருக்குண்ணா" என்று போட்டு உடைத்துவிட்டேன். "குப்பத்துல கெணறு உப்பாயிடும்."

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கை ஈரமாகவே இல்லை.

"அப்போ நீ வந்தது எங்க வாயில மண்ணப் போடறதுக்கா?"

"நான் எங்கண்ணா போடறேன்? கணக்கு அப்படி வருது."

"குப்பத்துக்குத் தண்ணி லாரி வருது. எனக்கு நெல்லு லாரி வருமா?"

கோபம் வந்தால் எனக்குச் சரியான பதில் மறுநாள்தான் வாயில் வரும். அந்த நேரத்துக்கு வந்தது இதுதான். "வீட்ல வருஷம் பூரா நெல்லு இருக்குன்னு கணக்கெடுப்புல சொன்னது நீங்கதானே? இருக்கறவங்களுக்கு எதுக்கு இன்னொரு போகம்?"

அண்ணன் போய் வண்டியில் ஏறினார். வண்டியை ஓர் உதை உதைத்துக் கிளப்பினார். வீடு வரும்வரை அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் அண்ணி எனக்குச் சோறு போட்டார். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, வறுத்த நெத்திலிக் கருவாடு. குண்டு குண்டான சோறு, எங்கள் கழனி நெல். நாலு வாய் உள்ளே போனதும் காலையில் போட்ட சண்டைகூடக் கொஞ்சம் தணிந்தது. அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார், என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தபோது இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளலாமென்று நானே எழுந்து அடுப்படிக்குப் போய், பெரிய குண்டானின் மூடியைத் திறந்தேன்.

ரேஷன் அரிசிக்கு ஒரு வாடை உண்டு. எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். குண்டான் நிறைய அந்தச் சோறு. பக்கத்தில் சின்னப் பானையில் ஒரே ஓர் ஆளுக்கு வடித்த குண்டரிசிச் சோறு, அதில் பாதி என் தட்டில் இருந்தது.

"அது உனக்கில்ல. அத்த மூடு." அண்ணி குடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கடை அரிசியா அண்ணி?"

"ஆமா. இன்னா இப்போ?"

"எனக்கு மட்டும் ஏன் வேற?"

"பொறந்த வூட்டுக்கு வந்த பொண்ணுக்குக் கடை அரிசியா ஆக்கிப் போடுவாங்க?"

"வீட்டு நெல்லு என்னாச்சு?"

குடத்தை இறக்கி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பொரிந்து தள்ளினார். சம்பாவும் நவரையும் அறுத்த கையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகின்றன. பெண்ணைப் படிக்க வைப்பது அதில்தான், கிணற்று மோட்டார் அதில்தான். சொர்ணவாரி நெல் ஆடி, ஆவணி மழையில் நனைந்தும் நனையாமலும் அறுப்பது, வியாபாரி சீந்தமாட்டான். அதனால் அது வீட்டுக்கு. "அதான் எங்களுக்குச் சாப்பாட்டு நெல்லு. அது வெக்காத வருசம் இப்படித்தான், கடை அரிசி."

"அப்ப கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்ட ஏன் அண்ணி வருஷம் பூரா இருக்குன்னு சொன்னீங்க?"

"அவ எங்க வந்து கேட்டா தெரியுமா? வாசல்ல. எதிர் வூட்டுக்காரி குந்திகினு கீறா, பக்கத்து வூட்டுக்காரி குந்திகினு கீறா. எல்லாரு நடுவுல நின்னுகினு, உங்க வூட்ல எத்தினி மாசம் நெல்லு இருக்கும்னு கேக்கறா. நான் இன்னா சொல்லணும்? எங்க வூட்ல ஒண்ணுமில்ல, ரேசன் அரிசி துன்றோம்னு தமுக்கு அடிக்கணுமா? எதிர் வூட்டுக்காரி வருசம் பூரான்னா. நானும் வருசம் பூரான்னேன்."

"எதிர் வீட்ல நிஜமாவே இருக்கா?"

"எங்கேர்ந்து வரும்? அவளும் கடை அரிசிதான். மாவு மில்லுல அவ பையப் பாத்தேனே."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. முதல் வீடு சொன்ன பதிலை அடுத்த வீடு சொல்லியிருக்கிறது, அதை அடுத்த வீடு. ஒரு தெரு முழுக்க மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் எண்ணாக்கி, கட்டம் கட்டி, பச்சை நிறம் அடித்து வைத்திருக்கிறேன். இதே ஊரில் பிறந்தவள் நான். வாசலில் நின்று அப்படிக் கேட்டால் என் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிற வயது வேறு. நெல் இல்லாத வீடு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் பெண் கேட்டு வருகிறவர்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு யார் மேல் ஆத்திரப்படுவதென்றே தெரியவில்லை.

"உங்கண்ணன் காதுல போட்டுடாதே. நான் உங்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் இந்த வூட்ல சோறே துன்ன மாட்டாரு. வெளியில மூச்சு விட மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். வேறென்ன செய்வது?

கையைக் கழுவிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து, மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்தேன். கடைமடை வீடுகளில் எல்லாம் சாப்பாட்டு நெல் இல்லை என்று வைத்து மறுபடி ஓட்டினேன். மதகை மூடினால் எங்கள் தெரு சிவப்பானது. திறந்தால் குப்பம் சிவப்பானது. எதை மாற்றினாலும் யாராவது ஒருவர் சிவப்பானார்கள். அண்ணன் பின்பக்கம் மாட்டுக்கு வைக்கோல் உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வழி கிடைத்தது. எல்லோருடைய கழனிக்கும் திறக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு நெல் இல்லாத வீடுகள் மட்டும், மதகை ஒட்டிய தலைமடைக் கழனிகளில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் பங்கிட்டு நட்டுக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்த வருஷங்களில் நிலத்தை அப்படிப் பங்குபோட்டுச் சாகுபடி செய்வது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. வாய்க்கால் நெடுகத் தண்ணீர் வீணாகாது. இருக்கிற தண்ணீரில் பாதி ஏரியிலேயே மிஞ்சும், கிணறு பிழைக்கும், வீட்டுக்கும் சோறு. ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மஞ்சளாக வந்தது. பச்சை இல்லைதான். ஆனால் யாரும் சிவப்பில்லை.

குழுத் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "விடையை மாத்தறியா? எதை வெச்சு?" என்றார். எங்கள் அண்ணி அடுப்படியை வைத்து என்று சொல்ல முடியுமா? கணக்கெடுப்பில் சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "ஒரு வீட்டைப் பாத்து மாடலை மாத்த முடியாதும்மா. ஊர்க்காரங்களே ஒத்துக்கிட்டா நல்லது, கேட்டுப் பாரு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில், பெண்கள் பின்னால். ஏரிப் பாசன விவசாயிகளுக்கு ஒரு சங்கம் உண்டு, அதன் தலைவரை ஊரே தலைவரே என்றுதான் கூப்பிடும். மதகுச் சாவி அவரிடம். அவர் என்னை மேடையேற்றி, "நம்ம வூட்டுப் பொண்ணு" என்று ஆரம்பித்து ஏகத்துக்கும் புகழ்ந்தார். அண்ணன் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஆரம்பிப்பதற்குள் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பேசினார்.

"நெல்லு வெக்காதீங்கன்னு சொல்ல நாங்க வரல. நாங்களும் சோறு துன்றவங்கதான். கெணத்துல உப்பு ஏறிச்சின்னா கைக்கொழந்தைக்குக் காச்சற கஞ்சிகூடக் கரிக்குது. லாரி நாளைக்கு வரும், நாளான்னிக்கு வரும்னு ரோட்லயே குந்திகினு கீறோம். அத்தச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினேன். திறந்தால் இப்படி, மூடினால் இப்படி, பாதி திறந்தால் இப்படி. சாப்பாட்டு நெல்லுக்கு மட்டும், மதகை ஒட்டிப் பங்குபோட்டு. தலைகள் அசைந்தன. குப்பத்துப் பெண்ணும் தலையசைத்தார். அண்ணன் கட்டியிருந்த கையைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. தேறிவிட்டது, இனி இரண்டு வார்த்தைதான் பாக்கி என்று நினைத்தேன்.

"எத்தனை வீட்டுக்குத் தேவைன்னு தெரிஞ்சா போதும் தலைவரே. அதுக்குத் தகுந்த மாதிரி இடம் பிரிச்சிடலாம்."

"நல்ல யோசனயாத்தான் கீது" என்றார் தலைவர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யார் யார் வூட்ல துன்றதுக்கு நெல்லு இல்ல? கை தூக்குங்க, பேரு எழுதிக்கலாம்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணக்கெடுக்க வந்த பெண் வாசலில் நின்று கேட்டதைத்தான் நாங்கள் இப்போது கூடத்தில் மேடை போட்டுக் கேட்டோம்.

ஒரு கைகூட எழவில்லை. எதிர் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்துத் துடைத்தார். கடைமடைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோரும் வேறு யாராவது ஒருவன் முதலில் தூக்கமாட்டானா என்று காத்திருந்தார்கள். ஒருத்தர் தூக்கியிருந்தால் போதும், பின்னாலேயே பத்துக் கை எழுந்திருக்கும். அந்த ஒருத்தராக இருக்க யாராலும் முடியவில்லை.

"கைய எல்லாம் தூக்க வேணாம் தலைவரே, அப்பறம் தனியா வந்து சொல்லட்டும்" என்றேன் அவசரமாக.

"இதுல தனியா இன்னாம்மா கீது, நம்ம ஊரு ஜனம்தானே" என்றார் அவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை, அதுதான் வினையாகப் போனது. அண்ணன் பக்கம் திரும்பினார். "இன்னா அண்ணாத்த, நீ நாத்து விட்டுகினு கீறியே? ஒனக்கு வேணுமா, இன்னா?"

கூடமே திரும்பி அண்ணனைப் பார்த்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கீழே போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அண்ணி சொல்லிவிட்டது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் காதோரம் சிவந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். எழுந்து நின்றார்.

"அது மாட்டுக்கு விட்டது தலைவரே. கோடைக்குப் பச்சத் தீனி இல்ல, அதான். நெல்லுக்கு இன்னா, வூட்ல மூட்டை மூட்டையா அடுக்கிக் கீது. குப்பத்துப் புள்ளைங்க நல்ல தண்ணி குடிக்கட்டும். மதகு மூடியே கெடக்கட்டும்."

யாரோ கை தட்டினார்கள். குப்பத்துப் பெண் எழுந்து அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார். நான் "இல்ல, அவரு" என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து அண்ணி தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணனே வேண்டாம் என்ற பிறகு கடைமடையில் வேறு யார் கேட்பார்கள்? மதகு மூடியிருக்கட்டும் என்று முடிவாகி, தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைவர் என் தோளைத் தட்டி, "உன் கம்ப்யூட்டர் சொன்னது கரீட்டாப் போச்சி பாரு" என்றார். தேநீரை அப்படியே மேடையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இரண்டு மாடுகளையும் அவிழ்த்தார். எதற்கென்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

"கொஞ்ச நாள் விட்டு வைண்ணா. நான் தலைவரைத் தனியா பாத்துப் பேசறேன். சாயங்காலமே போறேன்."

"மாட்டுக்குன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். அப்பால மாடு துன்னலன்னா எதுக்குச் சொன்னேன்னு கேப்பானுங்க."

"கேட்டா கேக்கட்டும். உனக்கு வீராப்பு முக்கியமா, சோறு முக்கியமா?"

"நீ போ பாப்பா. வெயில்ல நிக்காதே." அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

நாற்றங்கால் வேலியை அவர் கையாலேயே பிரித்து மாடுகளை உள்ளே விட்டார். இளம் நாற்று, மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. வாய்க்கால் மேட்டில் போனவர்கள் இரண்டு பேர் நின்று, "நல்லா வந்துகீதே பச்ச" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஆமாம் என்றார். கடைசிவரை அங்கேயே நின்றார். நானும் நின்றேன், என் அழுகையை அவர் பார்க்காத தூரத்தில்.

வெயில் தாழ்ந்து நான் கிளம்பும்போது அண்ணி உள்ளே போய், மடியில் அரிசியும் கையில் படியுமாக வந்தார். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் வெறுங்கையோடு வாசல் தாண்டக் கூடாது. அவர் கொண்டுவந்தது கடை அரிசி இல்லை, குண்டரிசி. எங்கே எடுத்து வைத்திருந்தாரோ, யாருக்கென்று வைத்திருந்தாரோ. வேண்டாம் அண்ணி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், உங்கள் வீட்டில் இல்லையென்று எனக்குத் தெரியும் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அண்ணன் என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக்காரி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஒரு படி அளந்து போட்டார்.

"இன்னும் ரெண்டு படி போடு" என்றார் அண்ணன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நம்ம வூட்ல நெல்லுக்கு இன்னா கொறச்சல்?"

அண்ணி மறுபடி உள்ளே போனார். தகர டப்பாவின் அடியைப் படி சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.